கசகசா பாயசம்

ஜனவரி 6, திங்கள்

இந்த வருட டைரி ஒரு பெருங்காயக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு டப்பா படம். எனக்குப் பொருத்தமான டைரிதான். என் வாயும் பெருங்காயமும் ஒன்று. ஒரு சிட்டிகை போதும், லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு, அதுதான் லயம். எங்கள் அப்பாமார் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி இந்தக் கூடலூர் மலைக்கு வந்தபோது தகரப்பெட்டியோடு கூடக் கொண்டுவந்த சொல். பெட்டி துருப்பிடித்துப் போய்விட்டது. சொல் இருக்கிறது.

போன வருட டைரி மார்ச்சோடு நின்றுவிட்டதால் ஒரு மறு அறிமுகம். தனபாக்கியம், வயது ஐம்பத்தொன்று. பத்தாம் வகுப்பு, இரண்டாவது முயற்சியில். வார இதழ்களில் அச்சேறிய துணுக்குகள் பதினொன்று. அதில் ஒன்பது என் புருஷனைப் பற்றி. குயில்மட்டம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து முட்டி தேய்ந்தபின், இப்போது மேல்வீட்டில் சமையல்காரி.

மேல்வீடு என்பது பழைய எஸ்டேட் மருந்தகம். டிசம்பரிலிருந்து அதில் இரண்டு பேர் தங்கிக் கிருமி ஆராய்ச்சி செய்கிறார்கள். டாக்டர் மதுவந்தி கும்பகோணத்துப் பெண். முதலில் மாட்டு வைத்தியம் படித்து, அது போதாதென்று வைரஸுக்கும் படித்தவள். இருபத்தொன்பது முடிந்துவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்கக்கா” என்றாள். இன்னொருவர் ஷாஜி, மானந்தவாடிக்காரர். குழம்பில் தேங்காய் இல்லையென்றால் கண் கலங்கிவிடுவார்.

இவர்கள் செய்யும் வேலையைப் பார்க்க லயமே கூடியது. ஒரு குச்சியில் வெள்ளை ஃபிளானல் துணியைக் கட்டிக்கொண்டு, காட்டுத் தரையில் சருகு மேல் இழுத்துக்கொண்டே போகிறார்கள். துணியில் உண்ணி ஏறும். அதைக் குறட்டால் எடுத்து, புகை கக்கும் ஒரு குடுவைக்குள் போடுகிறார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா, “இம்புட்டுப் படிச்சிட்டுக் காட்டைத் தொடைக்கிறாங்களே” என்று வருத்தப்பட்டாள். என் வீட்டுக்காரர் வேலாயுதம் அதற்கும் ஒரு படி மேலே போய், தன் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று ஷாஜியிடம் கேட்டிருக்கிறார்.

ஜனவரி 11, சனி

பிள்ளைக்காம்பராவில் கூட்டம். கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. அதனால் பெரிய மனிதர்கள் எல்லாரும் அரையடி நாற்காலிகளில், முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தோம். அந்தக் கோலத்தில் யார் என்ன சொன்னாலும் முழுதாக நம்ப முடியாது.

டாக்டர் சொன்னது இது. காட்டு உண்ணிக்குள் ஒரு வைரஸ் இருக்கிறது. அந்த உண்ணி கடித்தால் குரங்குக்குக் காய்ச்சல் வந்து சாகும். செத்த குரங்கின் உடம்பு ஆறியதும் அதன்மேல் இருக்கிற உண்ணியெல்லாம் இறங்கி, அடுத்த ஆளுக்காக அங்கேயே காத்திருக்கும். அடுத்த ஆள் மனிதனாக இருந்தால் அவனுக்கும் அதே காய்ச்சல். ஆகையால் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகக்கூடாது, தொடக்கூடாது, உடனே மேல்வீட்டுக்குச் சொல்லவேண்டும். காட்டுக்குள் போகிறவர்கள் பூசிக்கொள்ள ஆளுக்கு ஒரு சீசா எண்ணெய் கொடுத்தாள். “உண்ணின்னா மாட்டு மேல தொங்குற மாதிரி பெருசா இருக்கும்னு நினைக்காதீங்க. குட்டி உண்ணி கசகசா அளவுதான்” என்றாள்.

எங்கள் லயத்துத் தலைவர் முத்துக்கருப்பன் எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “அப்போ நமக்குச் சீக்குக் கொண்டாறது கொரங்குதானா?”

“இல்லைங்கய்யா. குரங்கும் நம்மள மாதிரி ஒரு நோயாளிதான். நமக்கு முன்னாடி செத்து, வரப்போகுதுன்னு சேதி சொல்லிட்டுப் போகுது.”

“சேதி சொன்னவரைத்தான் போன மாசம் சாக்குல கட்டிக்கிட்டுப் போயி கூறு போட்டீங்களாக்கும்.”

கூட்டம் அதோடு முடிந்தது. உள்ளே பார்த்தால்தான் என்ன வைரஸ் என்று தெரியும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்க ஆள் இல்லை. தலைவர் சொன்னதும் பொய்யில்லை. கீழ் லயத்துப் பக்கம் செத்த குரங்கை இவர்கள் எடுத்துப்போய் அறுத்தது எல்லார் நெஞ்சிலும் முள்ளாகக் கிடக்கிறது. எங்களிடம் குரங்கு செத்தால் அது ஆஞ்சநேயர். மஞ்சத் தண்ணியில் குளிப்பாட்டி, புதுத் துண்டு போர்த்தி, செண்டுமல்லி மாலை போட்டு, தப்படித்துத் தூக்கிப் போய் ஓடைக்கரைக் கல்லுக்குப் பக்கத்தில் புதைப்போம். பதினாறாம் நாள் சுண்டல். குளிப்பாட்டுகிற உரிமை என் வீட்டுக்காரருக்கு. கைராசிக்காரர் என்று பெயர். என்னைக் குளிப்பாட்டச் சொன்னால் வெந்நீர் கூடப் போட்டுத் தரமாட்டார்.

எண்ணெய்ச் சீசாவை இவர் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்பங்கரை மாடத்தில் வைத்துவிட்டார். “ரதி மேல மூட்டைப்பூச்சி மருந்து நாத்தம் வரலாமா” என்றார். மாசியில் காமன் கூத்து வரும். மன்மதன் எரிந்துபோனபின் ரதி அழுகிற கட்டம் இருபது வருடமாக இவருடையது. என் ரோஸ் சேலையைக் கட்டிக்கொண்டு, புருஷன் போனதற்கு இவர் அழுகிற அழுகையில் கல் கரையும். நிஜமாகப் புருஷன் போன பொம்பளைகளே வந்து பாடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. இவருக்கு மாலை போட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்கு நான் செய்த காரியத்தை ஒரு துணுக்காக எழுதி அனுப்ப முடியாது. அனுப்பினால் பரிசு நிச்சயம்.

காலையில் பிள்ளைக்காம்பராவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது தலைவர் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். ஓடைக்கரைப் பலா மரத்தடியில் ஒரு ஆஞ்சநேயர் கிடக்கிறாராம். மத்தியானம் டாக்டர் பெண் துணியோடு அந்தப் பக்கம்தான் போகப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். காலைக் காப்பியின்போது அவளே சொன்னாள். நான்தான் அதைத் தலைவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்கு என்ன வாதமா.

“தங்கச்சி, ரெண்டு மணி நேரம் அதுகளை மேல் வீட்டுலயே புடிச்சு வையி. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்.”

“புடிச்சு வைக்க நான் என்ன போலீஸா?”

“ஒன் கரண்டி போலீஸை விடப் பெருசு.”

இந்த மாதிரி ஒரு பாராட்டு என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்திருந்தால் நான் இன்னும் ஒரு சுற்றுப் பருத்திருப்பேன். மல்லிகா வீட்டுச் சேவல் உயிர்த்தியாகம் செய்தது. கோழிக் குழம்பு, ஷாஜிக்காக அரை மூடித் தேங்காய் கூடுதல், முட்டை வறுவல், ரசம். கடைசியாக என் பிரம்மாஸ்திரம், கசகசா பாயசம். கசகசாவைத் தாராளமாக வறுத்து, தேங்காயோடு மைய அரைத்து, வெல்லம் போட்டு, நெய்யில் முந்திரி. கைக்குழந்தைக்காரிகளுக்குத் தெரியும், இது பாயசம் இல்லை, தாலாட்டு.

டாக்டர் இரண்டு தம்ளர் குடித்தாள். மூன்றாவதை நான் ஊற்றினேன். “அக்கா, எங்கம்மா கூட இப்படிப் பண்ணினதில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அம்மா பற்றி அடுத்த வாக்கியம் சொல்வதற்குள் சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனாள். ஷாஜி ஏற்கெனவே வராந்தாவில் குறட்டை. நான் படியில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் காவல் இருந்தேன். இவ்வளவு சுலபமாக ஒரு ஆராய்ச்சியை நிறுத்தலாம் என்று யாருக்குத் தெரியும்.

கீழே தப்புச் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வார்கள் என்று தப்பே அடிக்கவில்லை. கொட்டு இல்லாமல், குலவை இல்லாமல், ஓடிப்போய்க் கட்டிய கல்யாணம் மாதிரி ஒரு சாவு. இவருக்கு அது மட்டும் மனத்தாங்கல். பெண் குரங்காம். மூக்கிலிருந்து ரத்தம் வந்து காய்ந்திருந்ததாம். மடியில் போட்டுத் துடைத்துக் குளிப்பாட்டி, செண்டுமல்லி மாலை வந்து சேருகிற வரைக்கும் பலா மரத்தடியில் அதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். “தூங்குற புள்ளையாட்டம் கனமே இல்ல, பாக்கியம்” என்றார். மிச்சமிருந்த பாயசத்தைக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவரும் தூங்கினார்.

ஜனவரி 27, திங்கள்

சாயங்காலம் இவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோது, காதுக்குப் பின்னால், முடி முடிகிற இடத்தில் ஒரு புது மச்சம் பார்த்தேன். பொடி மச்சம். கண்ணாடி சமையல்கட்டில் இருந்தது, தடவித்தான் பார்த்தேன். ஐம்பத்தாறு வயதில் மச்சம் முளைக்குமா என்றார். பிடரி மச்சம் வாகன யோகம் என்று காலண்டரில் போட்டிருக்கிறது என்றேன். இனிமேல் என்ன வாகனம் வரப்போகிறது என்று சிரித்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

மச்சம் இன்றைக்கு ஒரு விரல்கடை கீழே இருக்கிறது. நான் நேற்று சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. வெள்ளெழுத்துக்குப் பழைய கண்ணாடி சரிப்படவில்லை.

ஜனவரி 30, வியாழன்

மச்சம் காணோம். வாகன யோகம் போச்சு.

பிப்ரவரி 1, சனி

இவருக்குக் காய்ச்சல். தலை பிளக்கிறது என்று துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். பனிக் காலம். எல்லாருக்கும் வருகிறதுதான். மிளகு ரசம் வைத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சளிதான். மேல்வீட்டில் டாக்டர், “அண்ணனை ரெண்டு நாளா காணோமே” என்றாள். ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். பொய் சொல்லும்போது நான் நிறைய விவரம் சேர்ப்பேன். தங்கை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளைக்கு வலது கண் லேசாக மாறுகண் என்று வரைக்கும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். எப்போதும் சிரிப்பாள்.

கண் இரண்டும் செவசெவ என்று இருக்கிறது. தொட்டால் உடம்பு முழுக்க நோகிறது என்கிறார். தலைவருக்கும் லேசாகக் காய்ச்சலாம். மல்லிகா வந்து, டாக்டரம்மாகிட்டச் சொல்லலாமா அக்கா என்று கேட்டாள். என்னவென்று சொல்வது என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அரிசி புடைத்தோம்.

பிப்ரவரி 3, திங்கள்

பல் விளக்கும்போது ரத்தம். நிற்கவில்லை.

மேல்வீட்டுக்கு ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. குரங்கு ஒன்றைக் குளிப்பாட்டிப் புதைத்தார் என்றேன். எப்போது என்றாள். போன வாரம் என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஒரு வாய் கொடுக்க இருந்திருக்கும். அவள் செருப்பு கூடப் போடாமல் கீழே ஓடினாள். இவர் பக்கத்தில் மண்டியிட்டு, காது மடல், அக்குள், இடுப்பு மடிப்பு என்று ஒவ்வோர் இடமாகத் தேடினாள். பிடரியில் ஒரு சிவப்புப் புள்ளி. “இங்க ஏதாவது இருந்துச்சா அக்கா?” என்றாள்.

மச்சம் மாதிரி ஒன்று இருந்தது என்றேன்.

அவள் எழுந்து ஷாஜியைக் கூப்பிட்டாள். ஷாஜி ரத்தம் எடுத்தார். மூவருமாக ஜீப்பில் ஏற்றி ஊட்டிக்கு அழைத்துப்போனோம். வழியில் இவர் கண்ணைத் திறந்து, “வாகன யோகம் வந்திருச்சு பாத்தியா” என்றார்.

பிப்ரவரி 5, புதன்

முடிவு வந்துவிட்டது. அதேதான். இதற்கென்று தனி மருந்து கிடையாதாம். உடம்பு தானாகச் சண்டை போடும், நாம் தண்ணீரும் ரத்தமும் கொடுத்துத் துணைக்கு நிற்கலாம் என்றாள் மதுவந்தி. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள் என்றும் சொன்னாள். நான் பத்தாம் வகுப்பில் முதல் முறை தவறியது கணக்கில்தான். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது.

இரண்டு நாள் முந்திச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று கேட்டேன். “தெரியலைக்கா” என்றாள். தெரியாது என்று சொல்கிற படித்த ஆளை நான் முதல் முறையாகப் பார்க்கிறேன். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது பழக்கம்.

பிப்ரவரி 8, சனி

பக்கத்துக் கட்டில்காரிக்கு என் துணுக்குகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். தையல் போட்டிருக்கிறார்கள், சிரிக்கக்கூடாது என்று நர்ஸ் சத்தம் போட்டாள். இவருக்குக் காய்ச்சல் இறங்குகிறது.

பிப்ரவரி 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆள் பாதியாகிவிட்டார், வாய் மட்டும் முழுசாக இருக்கிறது. லயமே வாசலில் நின்றது. தலைவர் தனக்கும் காய்ச்சல் வந்து தானாகவே போய்விட்டதாகவும், தன் ரத்தம் வேறு என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ரத்தத்தையும் ஷாஜி எடுத்துக்கொண்டு போனார்.

திருப்பூரிலிருந்து மகள் சுகந்தி வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, என் சமையலில் குறை சொல்லிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறினாள். மில்லில் லீவு இல்லை.

மதுவந்தி மட்டும் வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்றதும் வந்தாள். சிலருக்கு இந்தக் காய்ச்சல் போய்விட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் திரும்பவும் வரும், தலைவலியோ கை நடுக்கமோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று காதோரம் சொன்னாள். அவள் போனபின், “என்னாவாம்?” என்றார் இவர். உங்களைப் போல ஒரு மாப்பிள்ளை பார்க்கச் சொல்கிறாள் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாசி பிறந்து மூன்று நாளாகிறது. இவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ரதி பாட்டை மெல்லச் சொல்லிப் பார்க்கிறார். என் ரோஸ் சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன். இடுப்புச் சுற்றளவு குறைந்துவிட்டதால் இந்த வருடம் ரதி நன்றாக இருப்பாள் என்று மல்லிகா சொன்னாள். வெட்கப்பட்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காப்பித் தம்ளர் கையில் நிற்கவில்லை. சூடு அதிகம் என்றார். சூடு இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 19, புதன்

திரும்பவும் ஊட்டி. இந்த முறை நான் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கவில்லை. எழுதிவைக்கிறேன்: ஒரு நிமிடம் கூட.

பிப்ரவரி 21, வெள்ளி

நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. விட்டத்தைப் பார்த்துப் பாடுகிறார். கைகள் கட்டிலோடு கட்டியிருக்கின்றன, நடுக்கம் தாங்காமல் ஊசியைப் பிடுங்கிவிடுகிறார் என்று. பாடுவது ரதி பாட்டு. வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. நான் குனிந்து, என்னாங்க என்றேன். என்னைப் பார்த்து, “நாதா” என்றார்.

முப்பது வருடமாக இந்தா, ஏய், இவளே, பாக்கியம். நாதா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 23, ஞாயிறு

போய்விட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கொட்டு இருந்தது. நான்கு தப்பு, கீழ் லயத்திலிருந்தும் வந்து அடித்தார்கள். மாலை செண்டுமல்லி.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பேசுகிறவள் ஆயிற்றே, எப்படி அழுவாள் என்று. எனக்கு அழ வரவில்லை. அழுகிற வித்தை தெரிந்தவர் கட்டிலில் படுத்திருந்தார். இருபது வருடத்தில் ஒருநாள் எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

மல்லிகா ஒரு செய்தி கொண்டுவந்தாள். ஆஞ்சநேயரைக் கொட்டில்லாமல் புதைத்த கோபம்தான் இவரைக் கொண்டுபோனது என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்களாம். ஏன் கொட்டு அடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லையாம்.

மார்ச் 1, சனி

மேல்வீட்டுக்கு வேலைக்குப் போனேன். சுகந்தி போகாதே என்றாள். வீட்டில் இருந்தால் அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். உப்பு அதிகமாகிவிட்டது. இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். ஷாஜி தேங்காய் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

காமனுக்குக் கம்பம் ஊன்றிவிட்டார்கள். இந்த வருடம் ரதி இல்லாத கூத்து.

சாயங்காலம் டீ கொண்டுபோனபோது மதுவந்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள். தலைவர் வந்து ஓடைக்கரை இடத்தைக் காட்டிவிட்டுப் போனாராம். அந்தப் பலா மரத்தடியில் துணியைப் போட்டதும் வெள்ளைத் துணி கறுப்பாகிவிட்டதாம். இப்போது அங்கே மருந்துத் தூள் தூவியிருக்கிறார்கள். தேதியும் தலைவர் சொல்லியிருக்கிறார், கொடியேற்றின அன்றைக்கு என்று.

“அன்னைக்கு நான் அந்தப் பக்கம்தான் போகணும்னு இருந்தேன்க்கா. சாப்பிட்டுட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கிட்டேன். என் வாழ்க்கைல பகல்ல தூங்கினதே இல்லை. போயிருந்தா பார்த்திருப்பேன். அண்ணன்கிட்டத் தொடாதீங்கன்னு சொல்லியிருப்பேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் தூங்கிட்டேன்.”

உங்கள் மேல் என்ன தப்பு என்றேன். அதற்கு மேல் ஒரு வாக்கியம் இருந்தது. உள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டது. போய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பாயசம் மட்டும் மறக்கவே முடியாது. ஒரு நாள் திரும்பப் பண்ணித் தர்றீங்களா?” என்றாள், என்னைச் சிரிக்க வைக்க.

பால் பொங்கவில்லை. அடுப்பில் பாலே இல்லை.

மார்ச் 6, வியாழன்

வேலை செய்தேன். சாப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று குயில்மட்டத்தில் ஒரு குரங்கு புதைக்கப்பட்டது, கொட்டோடு. தப்புக்காரர்கள் மேலே ரோட்டில் நின்று அடித்தார்கள். லயம் முழுக்க ரோட்டில் நின்றது, ஒருவரும் இறங்கவில்லை. கீழே தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் மட்டும். மதுவந்தி தனக்கு வேண்டியதைச் சின்ன ஊசியால் எடுத்துக்கொண்டாள். பிறகு தலைவர் கயிற்றில் கட்டி இறக்கிய செண்டுமல்லி மாலையை, கையுறை போட்ட இரண்டு கையாலும் அதன் கழுத்தில் போட்டாள். அறுக்கவில்லையா என்று தலைவர் சத்தம் போட்டுக் கேட்டார். இன்றைக்கு இது போதும் என்று அவளும் சத்தம் போட்டுச் சொன்னாள்.

இனிக் காலையில் நடந்தது.

விடிந்ததும் தலைவரும் மல்லிகாவும் வந்தார்கள். தைல மரத் திருப்பத்தில் ஒன்று கிடக்கிறதாம். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். இந்த முறை யாரும் தொடமாட்டோம், கோலால் தள்ளிக் குழியில் இறக்கிவிடுகிறோம், ஆனால் கூறு போட விடமுடியாது, இருக்கிற சாபமே போதும் என்றார்.

“அதனால, தங்கச்சி...”

“அதனால?”

“அன்னிக்கு மாதிரி ஒரு பாயசம் வச்சிரு.”

மல்லிகா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்து உள்ளே போனேன். கசகசா டப்பா மாடத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இவருடைய எண்ணெய்ச் சீசா, மூடி திறந்து ஒரே ஒரு முறை முகர்ந்து பார்த்தது, கழுத்து வரைக்கும் நிறைந்து. இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தேன். சீசாவை எடுத்துக்கொண்டு பின் கதவு வழியாக மேல்வீட்டுக்கு ஏறினேன்.

மதுவந்தி வராந்தாவில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். “என்னக்கா இவ்வளவு சீக்கிரம்? இன்னைக்கு என்ன சமையல்?”

“இன்னைக்குச் சமையல் இல்ல. தைல மரத் திருப்பத்துல ஒண்ணு கிடக்கு, பூட்ஸை மாட்டுங்க.”

அவள் உள்ளே ஓடி, ஷாஜியை எழுப்பி, பைகளை எடுத்துக்கொண்டு வருகிறவரைக்கும் நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவர்களுக்குக் காவல் இருந்த அதே படி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டும்போது சொன்னேன். எந்த விவரமும் சேர்க்கவில்லை.

“அன்னைக்கு நீங்க தூங்கலம்மா. நான் தூங்க வச்சேன்.”

கயிறு கட்டுகிற கை நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. ஷாஜி வாசலில் வந்து நின்றவர் அப்படியே நின்றார். கீழே லயத்தில் யார் வீட்டுச் சேவலோ கூவியது. மல்லிகா வீட்டுச் சேவல் இல்லை, அது போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி கட்ட ஆரம்பித்தாள். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. எழுந்து நின்று என் கையிலிருந்த சீசாவைப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை.

“நீங்களும் வந்து வழி காட்டணும். திரும்புங்க” என்றாள்.

திரும்பி உட்கார்ந்தேன். கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும், பிடரியில் முடி முடிகிற இடத்திலும் அந்த எண்ணெயைத் தேய்த்தாள். அவசரமே இல்லாமல், ஓர் இடம் விடாமல் தேய்த்தாள்.

ரோட்டில் தப்புச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ரதி மாதிரி இல்லை. ராகமே இல்லை, மூக்குதான் ஒழுகியது. இவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

எண்ணெய் நாற்றம் இன்னும் கழுத்தில் இருக்கிறது. மூட்டைப்பூச்சி மருந்தேதான். இன்றைக்குக் குளிக்கப்போவதில்லை.